புதிய பாஷையில் மெய் சொல்லுதல்

ஆங்கிலம் பேசக் கற்பிக்கும் மாலை வகுப்புகளில், அவை நகரத்து மாடியறையில் நடப்பினும் சிற்றூர்த் திண்ணையில் நடப்பினும், மாணவர் முதன்முதல் எழுந்து நின்று ஒப்பிக்கும் பாடம் தம்மைப் பற்றியதாகவே இருக்கும். பெயர், ஊர், தந்தை தாயர், பொழுதுபோக்கு என்று ஏழெட்டு வாக்கியங்களை ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப் போட, பிள்ளைகள் பெயரையும் ஊரையும் மட்டும் தத்தமக்கேற்ப மாற்றிக்கொண்டு, எஞ்சியவற்றை அப்படியே நெட்டுருப் போடுகின்றனர். ‘மை மதர் இஸ் எ ஹவுஸ்வைஃப்’ என்று ஒருவர் பின் ஒருவராகச் சொல்லி அமர்வர். அவர்களுள் ஒருத்தியின் தாய் பொழுது விடியுமுன் எழுந்து நாலு வீட்டில் பாத்திரம் துலக்கிவிட்டு வருபவளாயிருப்பாள். இன்னொருவனின் தாய் தெருமுனையில் இட்லிக் கடை போட்டிருப்பாள். இப்பிள்ளைகள் பொய் சொன்னவராவரா என்னும் கேள்வியை அற்பமென்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை.

பயிற்சிக்காகச் சொல்லுவது பொய்யாகாது என்பர் சிலர். மேடையேறி ‘நானே அரிச்சந்திரன்’ என்று முழங்கும் நடிகனைப் பொய்யனென்று யாரும் ஏசுவதில்லை. நடிப்பவனும் பார்ப்பவனும் அறிந்தே உடன்பட்ட காரியம் அது. ‘பசு வெண்மையானது’ என்று சொல்லிப் பழக எதிரே பசு நிற்கவேண்டுவதுமில்லை. பிற பாடங்களுக்கு இவ்வாதம் பொருந்துமே தவிர, தன்னைச் சொல்லும் பாடத்துக்குப் பொருந்தாது. ஏனெனில் அங்கே பேசப்படும் பொருளும் பேசுகிறவனும் ஒருவனே. கேட்பவர்கள் அவன் சொல்லை நம்புகிறார்கள். இன்று வகுப்பில் ஒப்பித்த அதே வாக்கியங்களையே நாளை நேர்முகத் தேர்விலும் அவன் சொல்லப் போகிறான்.

பதஞ்சலியின் யோக சூத்திரத்துக்குப் பாஷ்யம் கண்ட வியாசர், சத்தியம் என்னும் யமத்தை விளக்குமிடத்து, கண்டதும் அநுமானித்ததும் கேட்டதும் எவ்வாறோ அவ்வாறே மனமும் வாக்கும் அமைதல் சத்தியமாகும் என்று தொடங்கி, தன் அறிவைப் பிறனிடம் சேர்ப்பிப்பதற்காகவே ஒருவன் பேசுகிறானாதலால், அவன் வாக்கு வஞ்சிப்பதாகவோ, மயங்கியதாகவோ, கேட்பவனுக்கு ஒன்றும் விளங்காததாகவோ இருத்தலாகாது என்று மேலும் கூறுகிறார். இவற்றுள் மூன்றாவது குற்றத்துக்கு, ஆரியரிடம் மிலேச்ச பாஷையில் பேசுவதை உதாரணமாகக் காட்டுகிறார் அப்பாஷ்யத்துக்கு உரை வகுத்த வாசஸ்பதி மிசிரர். அவ்வுதாரணத்தில் ஒலிக்கும் உயர்வு தாழ்வை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆயினும் அயல் பாஷையில் பேசுவதும் சத்திய விசாரத்துக்கு உட்பட்டதே என்று அம்மகான்கள் கண்டுகொண்டது வியப்புக்குரியது. இவ்வளவுகோலைக் கொண்டு நம் மாணவியின் வாக்கியத்தை அளந்து பார்ப்போம். ‘மை மதர் வாஷ் வெஸல்ஸ், ஃபோர் ஹவுஸ்’ என்று அவள் தட்டுத் தடுமாறிச் சொல்லியிருந்தால், இலக்கணம் எங்கெங்கோ சிதைந்திருக்கும். ஆனால் அவள் கண்டது கண்டபடியே கேட்பவர் மனத்தில் சென்று சேர்ந்திருக்கும். கரும்பலகை வாக்கியத்திலோ இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. அவள் தாய்தான் இல்லை.

ராஜகோட் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் பயிலத் தொடங்கியிருந்த காந்தியடிகளின் வாழ்விலும் இத்தகைய ஒரு கணம் வந்தது. ஜைல்ஸ் என்னும் கல்வி இன்ஸ்பெக்டர் ஐந்து ஆங்கிலச் சொற்களை எழுதச் சொன்னபோது, ‘கெட்டில்’ என்ற சொல்லைப் பிழைபட எழுதிய சிறுவனுக்கு, அடுத்த பையனின் பலகையைப் பார்த்து எழுதும்படி ஆசிரியர் பூட்ஸ் முனையால் ஜாடை காட்டினார். சிறுவனுக்கு அது விளங்கவில்லை. மற்றவர் அனைவரும் எல்லாச் சொற்களையும் சரியாக எழுதியிருந்தனர் என்று சுயசரிதையில் அவர் குறிப்பிடுகிறார். அச்சிறுவனின் மேன்மையைப் பலர் எடுத்துப் பேசியிருக்கின்றனர். என் மனம் அவ்வாசிரியரிடமே சென்று நிற்கிறது. மாணவனின் அறியாமையை வெளியே காட்ட அஞ்சி, அவன் உண்மைக்குக் குறுக்கே நின்றவர் அவரல்லவா?

சாந்தோக்கிய உபநிஷத்தில் நாம் காணும் ஆசிரியர் வேறு விதமானவர். பிரமசரியம் பயில விரும்பிய சத்தியகாமன் தன் கோத்திரம் யாதென்று தாயைக் கேட்க, இளமையில் பல இடங்களில் பணிவிடை செய்து திரிந்த காலத்தில் அவனைப் பெற்றதாகவும், கோத்திரம் தனக்குத் தெரியாதென்றும், தன் பெயராகிய ஜபாலாவை அவன் பெயரோடு சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாமென்றும் அவள் விடையளித்தாள். ஹாரித்ருமத கௌதமர் கோத்திரம் கேட்டபோது, குருகுலத்து வழக்கத்துக்கேற்ற விடையொன்றைப் புனைந்து கூறாமல், தாய் சொன்னதனைத்தையும் அவ்வாறே ஒப்பித்தான் மகன். அக்காலத்தில் ஒருவன் தன்னை அறிமுகம் செய்துகொள்ளுதலாவது கோத்திரம் சொல்லுதலே. அச்சொல் அவனிடம் இல்லை. இல்லை என்பதையே சொன்னவனை, சத்தியத்தினின்று வழுவாதவன் என்று கண்டு, சமித்துக் கொண்டுவரச் சொல்லி உபநயனம் செய்வித்தார் கௌதமர். பணிப்பெண்ணாயிருந்த அத்தாயின் பெயர் இன்றளவும் மகன் பெயரோடு சேர்ந்தே வழங்குகிறது.

ஆகையால் பிள்ளையை அருகழைத்து, உன் அம்மா என்ன செய்கிறார் என்று தமிழில் கேட்டு, அதற்குரிய ஆங்கிலச் சொற்களைத் தேடித் தருவது ஆசிரியரின் கடமையாகிறது. தன் வீட்டு நிலையைப் பலர் முன் சொல்லக் கூசும் பிள்ளையும் உண்டு, அக்கூச்சத்தைப் பழிக்கலாகாது. எல்லாவற்றையும் வெளியிடவேண்டுமென்று எந்தச் சாஸ்திரமும் விதித்ததில்லை. பொய் சொல்லாதிருப்பதற்கு மௌனமே போதும். அத்தகைய பிள்ளை தாயைப் பற்றிய வரியை விட்டுவிட்டு, தான் வளர்க்கும் ஆட்டைப் பற்றியோ ஊர்க் குளத்தைப் பற்றியோ இரண்டு வாக்கியம் பேசி அமரட்டும். கரும்பலகையில் அவ்வரிக்குரிய இடம் வெறுமையாகவே இருக்கட்டும்.