விலகும் துணிவு

சீட்டாட்டத்துக்கும் தர்ம விசாரணைக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. ஹங்கேரியில் பிறந்த கணித மேதை ஜான் வான் நாய்மன், மார்கன்ஸ்டர்ன் என்ற பொருளாதார அறிஞருடன் சேர்ந்து 1944-ல் வெளியிட்ட பெரிய நூலில் போக்கர் ஆட்டத்தையும் எடுத்துக்கொண்டு ஆராய்ந்திருக்கிறார். முழு விவரமும் தெரியாமலே மனிதன் முடிவு செய்தாக வேண்டும் என்ற உண்மை அந்த ஆட்டத்தில் அப்பட்டமாகத் தெரிகிறது.

அமெரிக்கர்கள் விரும்பி ஆடும் வகையில், ஆளுக்கு இரண்டு சீட்டுகள். எல்லோருக்கும் பொதுவாக மேஜைமேல் ஐந்து சீட்டுகள், படிப்படியாகத் திறக்கப்படும். நான்கு திறந்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கையில் இரண்டு இஸ்பேட். மேஜைமேல் இரண்டு இஸ்பேட். இன்னும் ஒன்று வந்தால் ஜயம், வராவிட்டால் ஒன்றுமில்லை. எதிராளி 100 டாலர் வைக்கிறார். அதையும் சேர்த்து நடுவில் 400 டாலர் கிடக்கிறது. நீங்களும் 100 வைக்க வேண்டும். அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலக வேண்டும்.

கண்ணில் படாத சீட்டுகள் 46. அவற்றில் இஸ்பேட் 9. இதே நிலை 46 தடவை வந்தால், சராசரியாக 9 தடவை 400 வீதம் 3,600 டாலர் வரும். 37 தடவை 100 வீதம் 3,700 டாலர் போகும். மயிரிழையில் நஷ்டம். நடுவில் 500 இருந்தாலோ வரவு 4,500. அப்போது விலகுவது கோழைத்தனம். மயிரைக் கட்டி மலையை இழு, வந்தால் மலை, போனால் மயிர் என்றார்கள் நம் பெரியவர்கள். ஆனால் மயிர் எவ்வளவு, மலை எவ்வளவு என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மனம் இந்தக் கணக்கையா போடுகிறது? “இதுவரை எவ்வளவு போட்டுவிட்டேன்!” என்றல்லவா புலம்புகிறது? நடுவில் போட்ட பணம் போட்ட கணத்திலேயே நம்முடையது அல்லாமல் போய்விட்டது. விட்டதைப் பிடிக்கிறேன் என்று கிளம்புகிறவன், இல்லாத பணத்துக்காக இருக்கும் பணத்தைக் கொடுக்கிறான். பத்து வருஷமாக நஷ்டத்தில் நடக்கும் அச்சகத்தை மூட மாட்டேன் என்கிறவரும், பாட்டன் தொடுத்த வரப்புத் தகராறு வழக்கைப் பேரனும் நடத்துகிற குடும்பமும் இதே மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பத்து வருஷம் போனது துக்கத்துக்குக் காரணம். பதினோராம் வருஷத்தைக் கொடுப்பதற்குக் காரணம் அல்ல.

ஆனால் ஓர் எல்லை உண்டு. கணக்குப் பார்த்து விலகலாம் என்பது பணத்துக்கும் உழைப்புக்கும் பொருந்தும். நம்மை நம்பி நிற்கும் மனிதர்களுக்குப் பொருந்தாது. தருமபுத்திரர் விலகத் தெரியாமல் ஆடியது பிழை; தம்பியரையும் மனைவியையும் பணயமாக எண்ணியது அதைவிடப் பெரிய பிழை.

சரி, விலகியாகிவிட்டது. அதன் பிறகுதான் உண்மையான சோதனை. “வர இருந்த சீட்டு எது, காட்டுங்கள்” என்று கேட்கும் ஒரு வழக்கம் போக்கர் ஆடுவோரிடம் உண்டு. அதற்கு ‘முயல் வேட்டை’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பல இடங்களில் அதை அனுமதிப்பதில்லை. நல்ல விதி. திறந்து பார்த்தால் இஸ்பேடாகக்கூட இருக்கலாம். அதனால் நம் முடிவு தவறாகிவிடுமா? ஆகாது. நூறு டாலர் வைக்கலாமா என்ற கேள்விக்கு, கையிலிருந்த விவரத்தைக் கொண்டுதான் விடை சொல்ல முடியும். பிறகு வந்த விவரத்தைக் கொண்டு அல்ல. அதேபோல, தவறான கணக்கில் பணத்தை வைத்தவனுக்கு இஸ்பேட் வந்துவிட்டால் அவன் அதிர்ஷ்டசாலி, அறிவாளி அல்ல.

வாழ்க்கை சீட்டாட்டத்தைவிடக் கடினமானது. அங்கே மீதி எத்தனை சீட்டு என்று யாரும் எண்ணிச் சொல்வதில்லை. ஆகவே நிதானமாக யோசித்து முடிவு செய்தவனுக்கு ஒன்றுதான் சொல்லத் தோன்றுகிறது: கவிழ்த்த சீட்டு கவிழ்ந்தே கிடக்கட்டும், அடுத்த கை வந்துகொண்டிருக்கிறது.