வாசனை

கண்டி நகரில் ஒரு கடையிலே முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கோப்பிக்கொட்டையும், கோப்பி வாங்குவார் குறைந்த நாட்களில் செத்தல் மிளகாயும் மல்லியும் அரைத்து ஓய்ந்து, ஈற்றில் பழைய இரும்போடு இரும்பாய் நிறுத்து விற்கப்படவிருந்த மெசின் ஒன்றை விலைபேசி வாங்கி, முச்சக்கர வண்டியில் ஏற்றிவந்து என் வீட்டு விறாந்தையில் இறக்கிய பொழுது, அது என்னைத் தத்துவ விசாரத்தில் கொண்டுபோய் விடும் என்று நான் சிறிதும் எண்ணினேனல்லேன். நல்ல கோப்பி குடிக்கவேண்டும் என்பதே என் சங்கற்பம். வார்ப்பிரும்பு உடல், மேலே கொட்டை போடும் தகரக் கூம்பு, உள்ளே எதிரெதிராக நிற்கும் பல்வெட்டிய இரண்டு தட்டுகள், ஒன்று அசையாதது, மற்றது அச்சோடு சுழல்வது, இடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும் பக்கத்திலே ஒரு திருகு, இவ்வளவுதான் அதன் சரீரம்.

முதலில் கறளோடு போராடினேன். கண்டியின் ஓயாத மழையீரம் அந்த இரும்பில் எழுதிவைத்திருந்த கறளை மண்ணெண்ணெயும் கம்பித் தூரிகையும் கொண்டு சுரண்டிக்கொண்டிருக்கையில், இந்த மலைநாட்டிலே கோப்பியை அழித்ததும் ஒருவகைக் கறள்தானே என்ற நினைவு வந்தது. 1820களில் கம்பளையிலும் கன்னொறுவையிலும் தோட்டப் பயிராக வேரூன்றி, தென்னிந்தியத் தமிழரை மன்னார் வழியாகவும் மாத்தளை வழியாகவும் கால்நடையாய் இழுத்து வந்து, 1867இல் கண்டிக்கு ரயிலையும் கொணர்ந்த அந்தப் பயிரின் இலைகளில் 1869இல் செம்மஞ்சட் பொடியாகத் தோன்றிய துருநோய், இருபது ஆண்டுகளுக்குள் மலைகளை வெறுமையாக்கிவிட்டது. பின்பு அதே சரிவுகளில் தேயிலை நட்டார்கள். செடி மாறியது, துரைமார் மாறினார்கள், ஆலையில் இருந்த இயந்திரங்களும் மாறின. ஆயினும் மலையகத்து முதியோர் அந்த முதற் பருவத்தைக் கோப்பிக்காலம் என்று, தம் வீட்டுக்குள் நடந்ததைச் சொல்வாரைப் போலச் சொல்லுகிறார்கள். அது நிற்க.

பெயரிங்குகள் இரண்டும் போயிருந்தன, மாற்றினேன். தேய்ந்த அச்சுக்குப் பதிலாக லேத் பட்டறையிலே புதிதொன்று கடைவித்தேன். கடையில் மூன்று பேஸ் மின்சாரத்தில் ஓடிய மோட்டார் வீட்டின் 230 வோல்ட்டுக்கு ஒவ்வாதாகையால் அதை நீக்கி வேறொன்று பொருத்தினேன். நிமிடத்துக்கு 1440 சுற்றுச் சுழலும் அதன் வேகம் தட்டுகளைச் சூடேற்றி மணத்தைப் போக்கிவிடும் என்று அஞ்சி, மோட்டாரில் 3 அங்குலக் கப்பியும் அச்சில் 6 அங்குலக் கப்பியும் பூட்டி, வேகத்தை 720 ஆகக் குறைத்தேன். கடைசியில், பல் மழுங்கிய தட்டுகளும் போயின. அப்பொழுது பட்டறைப் பாஸ் கையைத் துடைத்துக்கொண்டே, “ஐயா, கூடும் கூம்பும் தவிர இதில் பழசென்று என்ன மிச்சம்? இதைப் பழைய மெசின் என்று சொல்லலாமோ?” என்று கேட்டார்.

பாஸ் அறியாமற் கேட்ட அக்கேள்வி, யவன அரசனாகிய மிலிந்தனுக்கும் நாகசேன தேரருக்கும் இடையே நிகழ்ந்த சம்வாதத்திலே கேட்கப்பட்டதுதான். ஏர்க்கால் தேரா, அச்சுத் தேரா, சக்கரம் தேரா என்று தேரர் ஒவ்வொன்றாகக் கேட்டு, அரசன் ஒவ்வொன்றுக்கும் அன்று அன்று என்று சொல்ல, தேர் என்பது அவ்வுறுப்புகளின் கூட்டத்தைச் சார்ந்து எழும் வெறும் வழக்குப் பெயரே என்று அரசன் வாயாலேயே தேரர் சொல்விப்பார். மனிதனும் அவ்வாறே என்பது தேரர் கருத்து. அச்சம்வாதம் அடங்கிய பாளி நூலைச் சிங்களத்தில் ஹீனட்டிகும்புரே சுமங்கல தேரர் பெயர்த்தது 1777இல், மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் குலத்தவனான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் கண்டியை ஆண்ட காலத்தில் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு ஓர் ஆனந்தம். சைவ மரபிலே பிறந்த அரச குலத்தின் நிழலில், ஆன்மா இல்லை என்னும் அநாத்மவாதம் இந்நகரின் மொழியிலே பேசிற்று.

சைவ சித்தாந்திகளான நம்மவர் இதற்கு விடை வைத்திராமல் இல்லை. எனது கை, எனது உடல் என்று உடைமையாகச் சொல்லுகின்றோமாகையால், உடலுக்கு வேறாய் உடையவன் ஒருவன் உண்டு என்பது மெய்கண்டார் காட்டும் நியாயங்களுள் ஒன்று. ஆனால் மெசினின் அச்சு, மெசினின் தட்டு என்றும் சொல்லுகின்றோமே. அங்கே உடையவன் யார்? சடப்பொருளுக்கு அந்த நியாயம் செல்லாது என்று சித்தாந்தி எளிதாகக் கூறிவிடுவார். எனது என்று சொல்லும் அறிவு அங்கே இல்லை. உண்மை. எனினும், பாகங்கள் பத்திரிகைத் தாள்களின்மேல் பரந்து கிடந்த இரண்டு மாதமும் அந்த மெசின் எங்கே இருந்தது என்ற கேள்வி என்னை விட்டபாடில்லை.

அதற்கு நூல்களைவிடக் கோயிலே எனக்கு உதவிற்று. ஆலயத்தைப் புதுக்கும்போது, கலாகர்ஷணம் செய்து மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கும்பத்திலே வாங்கி, பாலாலயத்தில் வைத்துப் பூசித்து, திருப்பணி நிறைவெய்தியபின் மீண்டும் மூலஸ்தானத்தில் சேர்க்கிறார்கள். இடையிலே கல் மாறலாம், மரம் மாறலாம், விமானமே புதிதாகலாம். ஆயினும் அது அந்தக் கோயிலே என்பதில் எந்த அடியார்க்கும் ஐயமில்லை. அப்படியானால், என் கொப்பியிலே வரைந்த படமும், எந்த ஆணி எந்தத் துளைக்குரியது என்று நான் கட்டிவைத்த சிறு சீட்டுகளுமே அம்மெசினுக்குப் பாலாலயமாயின போலும். ஆனால் ஜீர்ணோத்தாரண விதி பழைய திரவியத்தையும் பழைய பிரமாணத்தையும் பேணச் சொல்வது. நானோ வேகத்தைப் பாதியாக்கினவன். இந்த அபசாரத்துக்கு என்ன பிராயச்சித்தம் என்று எந்தக் குருக்களிடமும் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இவ்வளவும் யோசித்து ஓய்ந்தபின், முதன்முறையாகக் கொட்டை வறுத்து அரைத்தோம். பேராதனையில் படிப்பித்து ஓய்வுபெற்ற என் பௌத்த நண்பர் முதல் மிடறு குடித்தார்; இருமினார். கோப்பியிலே மிளகாய்!

தட்டு புதிது, அச்சுப் புதிது, கூம்பைக் கொதிநீரில் கழுவியாயிற்று. வார்ப்பிரும்புக் கூட்டின் நுண்துளைகளிலே மட்டும் முப்பது வருட மிளகாய் குடிகொண்டிருந்தது. நண்பர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு பிலிந்தவச்சரின் கதையைச் சொன்னார். அரஹந்த நிலை அடைந்தும் அந்தத் தேரர் சக பிக்குகளை வசலர், அதாவது இழிகுலத்தார், என்றே அழைத்துவந்தாராம். ஐந்நூறு பிறவிகளாகப் பிராமணராய்ப் பிறந்த பழக்கம் என்று புத்தர் விளக்கினாராம். துவேஷம் அற்றுப்போயிற்று, வாசனை போகவில்லை. நம்மவரும் அதே சொல்லைத்தான் ஆளுகின்றனர். மூக்குக்கு எட்டுவதற்கும் பிறவிதோறும் தொடர்வதற்கும் ஒரே பெயர் வைத்தவன் கோப்பி அரைத்தவனாகவே இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிற்று.

பாஸுக்கு நான் சொல்லவேண்டிய விடை அந்த மிடற்றிலே இருந்தது. நான் பேணவேண்டும் என்று பேணியவை எல்லாம் இன்னொரு மெசினுக்கும் பொருந்தும். படம் பொருந்தும், பெயரும் பொருந்தும். போக்கவேண்டும் என்று நான் பாடுபட்டுப் போகாததே இதை அந்தக் கடையின் மெசின் என்று சாட்சி சொல்லிற்று. இதை ஆன்மா என்று நான் சொல்லத் துணியேன். வெறும் பெயர் என்று நண்பரும் சொல்ல முடியாமல் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

பச்சையரிசி போட்டு அரைத்தால் வாசனை போகும் என்பது வீட்டாரின் தீர்ப்பு. ஒரு கொத்து அரைத்தாயிற்று, சற்றே குறைந்திருக்கிறது. இன்னும் ஒரு கொத்துப் போடச் சொல்லி மனைவி அரிசியை அளந்து மெசினுக்குப் பக்கத்திலே வைத்து நான்கு நாளாகிறது. நாளைக்கு, நாளைக்கு என்று நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.