ஊரைவிட்டுப் போகாமலே

ஜெர்மானியர் ஒருவர் வெளிநாட்டவரைத் திருமணம் செய்ய நினைக்கும்போது, வீட்டில் எழாத தடைகூடப் பதிவு அலுவலகத்தில் எழும். வெளிநாட்டு மணமகனுக்கோ மணமகளுக்கோ திருமணத் தடை ஏதும் இல்லை என்று அவருடைய நாடு சான்றிதழ் தர வேண்டும். பல நாடுகளில் அப்படியொரு சான்றிதழே கிடையாது. அந்நாட்டவருக்கு மாநில உயர் நீதிமன்றத் தலைவர் விலக்கு அளிக்க வேண்டும். இந்தியா உட்படச் சில நாடுகளின் பிறப்புச் சான்றிதழை ஜெர்மன் அலுவலகங்கள் அப்படியே ஏற்பதில்லை. தூதரகம் உள்ளூர் வழக்கறிஞரை வைத்து ஊருக்கே ஆள் அனுப்பி விசாரிக்கும். மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. பொறுமை போனவர்கள் எல்லை தாண்டி டென்மார்க் போகிறார்கள். டொண்டர் என்ற சிற்றூரிலோ ஏரோ என்ற தீவிலோ சில நாளில் மணம் முடித்துத் திரும்புகிறார்கள். அந்த மணத்தை ஜெர்மன் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. ஏரோ தீவுக்கு இது நல்ல வருமானம்கூட.

பிறந்து வளர்ந்து வரி கட்டும் நாட்டை விட்டுவிட்டு, கல்யாணத்துக்காக ஒருவர் பக்கத்து நாட்டுக்குப் போவது வேடிக்கைதான். ஆனால் அந்த வேடிக்கைக்குள் ஒரு விஷயம் இருக்கிறது. புலம்பெயர்வு என்றதும் வந்தவரைத்தான் பார்க்கிறோம். அவர் மொழி கற்றாரா, வேலை கிடைத்ததா, ஊரோடு ஒட்டினாரா என்று கேட்கிறோம். அவரை மணந்தவர் நின்ற இடத்திலேயே நிற்பதாக நினைத்துக்கொள்கிறோம். அவர் நிற்கவில்லை. கணவனின் பெயரைச் சொல்லி வீடு கேட்கும்போது, வெளிநாட்டினர் அலுவலக வரிசையில் விடியற்காலையில் நிற்கும்போது, அவர் தன் சொந்த நாட்டை முதன்முறையாக வெளியிலிருந்து பார்க்கிறார்.

இதை ஜெர்மன் திரைப்பட இயக்குநர் ரைனர் வெர்னர் ஃபாஸ்பிண்டர் அளவுக்குக் கூர்மையாகச் சொன்னவர் இல்லை. 1974இல் வந்த 'அலி: ஃபியர் ஈட்ஸ் த சோல்' படத்தைத் திரைப்படச் சங்கங்களில் பார்த்தவர்கள் நம்மூரிலும் உண்டு. மியூனிக் நகரில் துப்புரவு வேலை செய்யும் எம்மி, வயது அறுபதை ஒட்டியவள், விதவை. தன்னைவிட மிக இளையவனான மொராக்கோ நாட்டு மெக்கானிக் அலியை மணக்கிறாள். செய்தி கேட்ட மகன்களில் ஒருவன் எழுந்து அம்மாவின் தொலைக்காட்சிப் பெட்டியை உதைத்து உடைக்கிறான். மளிகைக்கடைக்காரர் பொருள் கொடுக்க மறுக்கிறார். கூட வேலை செய்யும் பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் அவளைத் தனியாக உட்காரவைக்கிறார்கள். அலி வந்த நாளிலிருந்தே அந்நியன். எம்மி ஒரே வாரத்தில் அந்நியள் ஆகிறாள். அவளுடைய முதல் கணவர் போலந்துக்காரர் என்பதும் அப்போதுதான் அக்கம்பக்கத்தாருக்கு நினைவு வருகிறது.

படம் இதோடு நின்றிருந்தால் நல்ல மனசுக்காரர்களின் படமாக இருந்திருக்கும். பிற்பாதியில் எல்லாரும் மனம் மாறுகிறார்கள். கடைக்காரருக்கு வாடிக்கை வேண்டும், பக்கத்து வீட்டுக்காரிக்குச் சாமான் தூக்க ஆள் வேண்டும், மகனுக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா வேண்டும். இப்போது எம்மியே மாறுகிறாள். அலியின் புஜத்தைத் தொட்டுப் பார்க்கத் தோழிகளை அழைக்கிறாள். கூஸ்கூஸ் சமைத்துத் தரச் சொல்லும் அலியிடம், இந்த ஊர்ச் சாப்பாட்டுக்குப் பழகிக்கொள் என்கிறாள். வேலைக்குப் புதிதாக வந்த யூகோஸ்லாவியப் பெண்ணை அதே மாடிப்படியில் தனியாக விட்டுவிட்டுத் தோழிகளோடு போய் உட்கார்ந்துகொள்கிறாள். தான் பட்ட வலி ஒருவரை நல்லவராக்கிவிடும் என்ற நம்பிக்கைக்கு ஃபாஸ்பிண்டர் இடமே தரவில்லை. இந்தக் காட்சி எனக்கு அந்தத் தொலைக்காட்சிப் பெட்டியைவிடப் பெரிய அடி.

உள்ளூர்ப் பெண்ணை அந்நியளாக்கும் வேலையை, திரைக்கு வெளியே சட்டம் இன்னும் வெளிப்படையாகச் செய்தது. 1913ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, ஜெர்மன் ஆண் யாரை மணந்தாலும் மனைவி ஜெர்மானியள் ஆகிவிடுவாள். ஜெர்மன் பெண் வெளிநாட்டவரை மணந்தால் தன் குடியுரிமையை இழப்பாள். இரண்டு உலகப் போர்களையும் ஹிட்லரையும் தாண்டி 1953 வரை இந்த விதி ஏதோ ஒரு வடிவத்தில் உயிரோடிருந்தது. பிள்ளைகள் விஷயம் அதைவிட விசித்திரம். ஜெர்மன் பெண் திருமணம் ஆகாமல் பிள்ளை பெற்றால் பிள்ளை தாய்வழியில் ஜெர்மானியன். அதே பெண் அந்த வெளிநாட்டுக்காரரை முறைப்படி மணந்து பெற்றால், பிள்ளை பொதுவாகத் தந்தையின் நாட்டுக்குரியவன். குடும்ப ஒழுக்கம் பேசிய ஒரு சமூகம், மோதிரம் மாற்றிக்கொண்டவளைத்தான் தண்டித்தது. வந்தவன்மேல் இருந்த கோபத்தைவிடத் தன் வீட்டுப் பெண்மேல் இருந்த உரிமை எண்ணம்தான் அங்கே பெரிதாக இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேலிய விளையாட்டு வீரர்கள்மீது நடந்த தாக்குதலுக்குப் பிறகு, அந்தக் குற்றத்தோடு தொடர்பில்லாத அரபு மாணவர்களும் தொழிலாளர்களும் நாடு கடத்தப்பட்டார்கள். அவர்களில் சிலருக்கு ஜெர்மன் மனைவியர் இருந்தார்கள். ரோசி வோல்ஃப்-அல்மனஸ்ரே முன்னிற்க, பிராங்க்ஃபர்ட்டில் வெளிநாட்டவரை மணந்த ஜெர்மன் பெண்கள் ஒரு சங்கம் கண்டார்கள். இருநாட்டுக் குடும்பங்களின் சங்கமாக அது இன்றும் இயங்குகிறது. 1974 மே 21 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் தந்தைவழியை மட்டும் ஏற்பது ஆண் பெண் சமத்துவத்துக்கு எதிரானது என்றது. 1975 பிறந்ததும், ஜெர்மன் தாய்க்குப் பிறந்த எல்லாப் பிள்ளையும் ஜெர்மன் பிள்ளையானது. அதற்கு முன் விடுபட்டுப் போனவர்கள் பிற்பாடு அறிவிப்பு ஒன்று கொடுத்துக் குடியுரிமை பெற 2021இல்தான் 10 ஆண்டு அவகாசத்தோடு முழுமையாக வழி செய்தார்கள்.

அந்தத் தீர்ப்பில் வெளிநாட்டவர் மீதான கருணை எதுவும் இல்லை. தாயின் உரிமை இருந்தது. அந்நியனுக்கு நீதி என்று கேட்டபோது அசையாத கதவு, என் பிள்ளை என்று உள்ளிருந்து ஒருத்தி தட்டியபோது திறந்தது. வந்தவர்கள் ஒரு நாட்டை மாற்றுவதாகச் சொல்கிறோம். ஜெர்மனியை மாற்றியதில், வந்தவர்களின் பக்கம் போய் நின்ற உள்ளூர்க்காரர்களுக்கும் பெரிய பங்கு உண்டு.

இருநாட்டுத் தம்பதியரின் வீட்டுக்குள் இத்தனை பெரிய பேச்சு கிடையாது. குளிர்காலத்தில் ஜன்னலைத் திறந்துவைப்பதா மூடுவதா, ராத்திரிக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் போதுமா சூடாக ஏதாவது வேண்டுமா, தொலைபேசியில் சொல்லாமல் வந்து நிற்கும் மைத்துனரை என்ன செய்வது, மாதாமாதம் ஊருக்கு எவ்வளவு அனுப்புவது. எல்லா வீட்டிலும் இருக்கிற சண்டைதான். ஆனால் இரண்டு ஜெர்மானியர் சண்டை போட்டால் அது குணக்கோளாறு. இவர்கள் போட்டால் அது கலாச்சாரக் கோளாறு ஆகிவிடுகிறது. பிரிந்தால் அப்போதே சொன்னேனே என்பார்கள், சேர்ந்திருந்தால் ஒருங்கிணைப்பின் அடையாளம் என்று மேடையேற்றுவார்கள். சாதாரணமாக ஒரு கல்யாணம் கெட்டுப்போகும் சுதந்திரம்கூட இவர்களுக்கு இல்லை.

எது கலாச்சாரம் என்பதும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 1837இல் கொலோன் பேராயரைப் பிரஷ்ய அரசு கைது செய்ததற்கு, கத்தோலிக்க-புரொட்டஸ்டண்ட் கலப்பு மணத்தில் பிறக்கும் பிள்ளைகள் எந்தச் சபையில் வளர்வது என்ற தகராறு முக்கியக் காரணம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கிழக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்த ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பேரும் ஜெர்மானியர்களே. பேசியதும் ஜெர்மன். ஆனாலும் அந்த அகதி வீட்டில் பெண் எடுக்க மேற்கின் கிராமத்து விவசாயிகள் தயங்கினார்கள். இன்று அந்த இரு தரப்பாரின் பேரப்பிள்ளைகளுக்கு யார் எந்தப் பக்கம் என்று சொல்லத் தெரியாது.

இன்றைய கோடு வேறு இடத்தில். 2007 ஆகஸ்டிலிருந்து, கணவனோடோ மனைவியோடோ சேர வருபவர் விசா வாங்குவதற்கு முன்பே அடிப்படை ஜெர்மன் தேர்வில் தேற வேண்டும். அமெரிக்கர், ஜப்பானியர், ஆஸ்திரேலியர் போன்றோருக்கு விலக்கு உண்டு. யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு இல்லை. கொழும்பிலோ சென்னையிலோ வகுப்புக்கு அலைந்து, தேறி, பிறகு தூதரகத் தேதிக்குக் காத்திருக்கிறாள். அவள் மணந்திருப்பவன் தமிழன்தான். ஆனால் டோர்ட்முண்டில் வளர்ந்து, அம்மாவிடம் தமிழிலும் தங்கையிடம் ஜெர்மனிலும் பேசுபவன். அவர்கள் இருவருக்கும் நடுவே இருக்கும் தூரம், எம்மிக்கும் அலிக்கும் நடுவே இருந்ததைவிடக் குறைவு என்று அடித்துச் சொல்ல முடியுமா?

காதலால் திறந்த கதவைப் பற்றி இவ்வளவு பேசிய பிறகு, அது யாருக்குத் திறந்தது என்றும் கேட்க வேண்டும். 1961இல் துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு வேலைக்கு ஆள் எடுத்தார்கள். 1973இல் ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். திரும்பிப் போனால் மறுபடி வர முடியாது என்று புரிந்ததும், இருந்தவர்கள் குடும்பத்தை வரவழைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு ஜெர்மன் அம்மா இல்லை. என் பிள்ளை என்று சட்டத்தின் காதில் விழும்படி சொல்ல உள்ளே ஆள் இல்லை. பிறப்பால் குடியுரிமை என்ற வாய்ப்பு அவர்களுக்கு வந்தது 2000 ஜனவரியில்தான். 1993இல் சோலிங்கன் நகரில் நவநாஜி இளைஞர்கள் வைத்த தீயில் இறந்த ஐவரில் 9 வயதுச் சிறுமியும் 4 வயதுச் சிறுமியும் இருந்தார்கள். சட்டத்தின் கணக்கில் அவர்கள் துருக்கியர்.

2000ஆம் ஆண்டுச் சட்டமும் ஒரு நிபந்தனையோடுதான் வந்தது. 2010 வாக்கில் ஒரே வகுப்பில் இரண்டு மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் துருக்கி வம்சாவளி, இருவரும் பெர்லினில் பிறந்தவர்கள். ஒருவனுக்கு அம்மா ஜெர்மானியர். அவன் இரண்டு கடவுச்சீட்டையும் ஆயுளுக்கும் வைத்துக்கொள்ளலாம். மற்றவனுக்கு அப்பாவும் அம்மாவும் துருக்கியர். அவன் 23 வயதுக்குள் ஏதாவது ஒன்றைக் கைவிட வேண்டும். இரட்டை விசுவாசம் ஆபத்து என்று அரசியல் மேடைகளில் முழங்கினார்கள். முதல் பையனின் விசுவாசத்தைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. காதல் தன்னைச் சேர்ந்தவருக்கு மட்டும் நியாயம் வாங்கித் தரும். யாருக்கும் உறவாகாதவனுக்கும் அதே நியாயத்தைத் தருவது காதலின் வேலை இல்லை, அரசின் வேலை. ஜெர்மனி அந்த வேலையை நெடுங்காலம் மணமக்களின் தலையில் கட்டிவிட்டுச் சும்மா இருந்தது.

அந்தத் தேர்ந்தெடுப்புக் கட்டாயம் 2014 டிசம்பரில் பெரும்பாலும் தளர்ந்தது. 2024 ஜூன் 27 முதல் எல்லாருக்கும் இரட்டைக் குடியுரிமை அனுமதி. ஆனாலும் இன்றைய விதியைப் பாருங்கள்: ஜெர்மானியரை மணந்து வாழ்பவர் பொதுவாக 3 ஆண்டு வசித்த பிறகு குடியுரிமை கேட்கலாம், மற்றவருக்கு 5 ஆண்டு. குடும்பத்துக்குள் ஒரே சட்டநிலை இருப்பது நல்லது என்று காரணம் சொல்வார்கள். அந்த மற்றவருக்கும் குடும்பம் இருக்கிறது. அதில் ஜெர்மானியர் யாரும் இல்லை, அவ்வளவுதான்.