நாற்பது வயதின் நன்றிக் கணக்கு

 

புகழனைத்தும் வல்ல நாயன் அல்லாஹு தஆலாவுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

நம் வியாபாரக் குடும்பங்களில் இப்போது ஒரு பழக்கம் பரவி வருகிறது. வீட்டுத் தலைவருக்கு நாற்பது வயது நிறைகிறதென்றால் பிள்ளைகள் சும்மா இருப்பதில்லை. கேக் வாங்க வேண்டும், நெய்ச்சோறு ஆக்க வேண்டும், சொந்த பந்தங்களை அழைக்க வேண்டும் என்று ஒரு மாதத்துக்கு முன்பே கூடிப் பேசுகிறார்கள். மண்டபம் பிடிக்கிறவர்களும் உண்டு. இது கூடுமா, கூடாதா என்று சிலர் நம்மிடமும் கேட்கிறார்கள். நாமோ மதரஸாவில் ஓதியதையும் ஆரம்பப் பள்ளியில் படித்ததையும் வைத்துக்கொண்டு கடை நடத்துகிறவர்கள். பத்வா கொடுப்பது நம் வேலையன்று. உலமாக்களிடையே இதில் இரண்டு விதமான சொல் உண்டு. அதை அவரவர் பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்க. நாம் சொல்ல வந்தது, அந்த நாள் வந்தால் ஒரு முஸ்லிம் வியாபாரியின் மனத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதே.

முதலில் வயதுக் கணக்கைச் சரி பார்ப்போம். ஜக்காத்துக்கும் நோன்புக்கும் ஹஜ்ஜுக்கும் நமக்கு வருஷம் என்பது பிறைக் கணக்கு. அது இங்கிலீஷ் வருஷத்தைவிடப் பதினொரு நாள் குறைவு. அப்படிப் பார்த்தால், அடையாளக் கார்டின்படி ஒருவருக்கு 38 வயதும் சுமார் 10 மாதமும் ஆகும்போதே பிறைக் கணக்கில் நாற்பது நிறைந்துவிடுகிறது. பிள்ளைகள் கேக் வெட்டும் நாளில் அவர் 41 ஐயும் கடந்திருப்பார். வரவேண்டிய பணத்துக்குத் தவணை நாளை ஒரு நாள் தவறாமல் எண்ணுகிறோம். போகிற ஆயுளின் தவணையில் 14 மாதம் நமக்குத் தெரியாமலே கழிந்துவிடுகிறது!

இனி விஷயத்துக்கு வருவோம். நாற்பது வயதைத் திருக்குர்ஆன் எண்ணைச் சொல்லியே குறிப்பிடுகிறது. அல்-அஹ்காஃப் என்னும் 46 ஆவது சூராவின் 15 ஆவது ஆயத்தை எடுத்துப் பாருங்கள். தாய் தகப்பனுக்கு நன்மை செய்யுமாறு மனிதனுக்குக் கட்டளையிட்டு அது தொடங்குகிறது. தாய் சிரமத்துடன் சுமந்ததையும், சிரமத்துடன் பெற்றதையும், சுமந்ததற்கும் பால் மறக்கடித்ததற்கும் சேர்த்து முப்பது மாதம் ஆனதையும் சொல்கிறது. அப்பால் அந்தப் பிள்ளை வாலிபமடைந்து நாற்பதை எட்டும்போது தன் ரப்பிடம் என்ன கேட்கிறான் என்பதையும் எடுத்துச் சொல்கிறது. தனக்கும் தன் பெற்றோருக்கும் அருளப்பட்ட நிஃமத்துக்கு நன்றி செலுத்த அருள் செய்யும்படி கேட்கிறான். அல்லாஹ் பொருந்திக்கொள்ளும் நற்செயல் செய்ய உதவி கேட்கிறான். தன் மக்களைச் சீராக்கித் தரும்படி கேட்கிறான். தவ்பாச் செய்து, தான் முஸ்லிம்களில் ஒருவன் என்று ஒப்புக் கொடுக்கிறான்.

சகோதரர்களே, இந்தத் துஆவின் அமைப்பைக் கவனியுங்கள். நாற்பது வயதுக்காரன் நடுவில் நிற்கிறான். அவனுக்கு முன்னே தாய் தகப்பன், பின்னே பிள்ளைகள். தனியாக அவனுக்கென்று ஒரு கொண்டாட்டம் அதில் இல்லை. அவன் அடைந்த நாற்பது வருஷத்தில் பெற்றோருக்கு ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு ஒரு பங்கு என்று கூட்டு வியாபாரம் போல் இருக்கிறது. ஆகவே நாற்பதாவது வயதின் சந்தோஷம் குடும்பத்தோடு சேர்ந்த சந்தோஷமே. கூட்டாளியை விட்டுவிட்டு லாபத்தைத் தனியே எடுப்பது எப்படி நியாயமில்லையோ, அப்படியே இதுவும்.

நமக்குத் தெரிந்த ஜவுளி வியாபாரி ஒருவர். நாற்பது நிறைந்த அன்று அஸருக்குக் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்த் தன் உம்மாவின் அருகில் உட்கார்ந்தார். “நான் பிறந்த அன்று என்ன நடந்தது, சொல்லுங்க உம்மா” என்று கேட்டார். அந்த அம்மா சொன்னார்: “அன்னைக்கு நல்ல மழை. உங்க வாப்பா பினாங்கில் இருந்தாக. ஆம்பளைப் பிள்ளைன்னு கடுதாசி போட்டோம். அவுக உன் முகத்தைப் பாக்கும்போது உனக்கு ரெண்டு வயசு முடிஞ்சு போச்சு. வாசல்ல வந்து நின்னவுகளைப் பாத்து, யாருன்னு தெரியாமெ நீ என் சேலைக்குள்ளே ஒளிஞ்சே.” மகன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “உங்களுக்கு என்ன வேணும் உம்மா?” என்றார். உம்ராவுக்கு அனுப்பச் சொல்வார், அல்லது வளையல் கேட்பார் என்று அவர் நினைத்தார். உம்மா கேட்டது இதுதான்: “சுபுஹு தொழுதுட்டுக் கடைக்குப் போறதுக்கு முன்னாலே, என்கூட உக்காந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ வாப்பா. அது போதும்.”

பார்த்தீர்களா! முப்பது மாதக் கடனுக்கு அந்தத் தாய் கேட்ட வட்டியில்லாத தவணை, நாளொன்றுக்குக் கால் மணி நேரமும் ஒரு கோப்பைத் தேநீரும். உம்மா ஹயாத்தாக இருக்கிறவர்கள் இதை இன்றே தொடங்கலாம். மவுத்தாகிவிட்டால் துஆவும் ஸதகாவும் அவர்களின் உறவினரை ஆதரிப்பதும் மிச்சமிருக்கின்றன.

சின்னச் சின்ன சந்தோஷங்களை அற்பம் என்று தள்ளுகிறவர்கள், ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஒரு சம்பவத்தைச் சிந்திக்க வேண்டும். ஒரு நாள் நாயகம் (ஸல்) அவர்கள் வெளியே வந்தபோது அபூபக்கர் (ரலி), உமர் (ரலி) இருவரையும் கண்டார்கள். மூவரையும் வெளியே வரச் செய்தது பசி. அன்ஸாரித் தோழர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றார்கள். அவர் பேரீச்சங்குலையை வெட்டிக் கொண்டுவந்து வைத்து, ஆடு அறுத்து விருந்து செய்தார். உண்டு, நல்ல தண்ணீர் குடித்துப் பசியாறியபின், இந்த நிஃமத்தைப் பற்றியும் கியாமத்து நாளில் கேட்கப்படும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் நினைவூட்டினார்கள்.

பேரீச்சம் பழமும் தண்ணீரும் கணக்கில் ஏறுகிறதென்றால், நம் பேரேட்டில் எத்தனை வரவு எழுதப்படாமல் கிடக்கிறது! கடை வாங்கிய வருஷம் நினைவிருக்கிறது. வீடு வாங்கியதும், ஹஜ்ஜுக்குப் போனதும் நினைவிருக்கின்றன. மத்தியானம் மனைவி கட்டிக் கொடுத்த சோறு சூடாக இருந்தது, சின்ன மகள் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தது, மழை பெய்த இரவில் எல்லோரும் ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிட்டது, இவற்றை எந்தச் சிட்டையில் எழுதி வைத்தோம்? காலையில் பயமின்றி எழுந்து, உடலில் சுகமும் அன்றைக்கு உணவும் உள்ளவனுக்கு உலகமே சேர்த்துக் கொடுக்கப்பட்டது போல் என்பது திர்மிதியில் வரும் ஹதீதின் கருத்து. அப்படியானால் நம்மில் எத்தனை பேர் கோடீஸ்வரர்களாக இருந்துகொண்டே முகத்தைச் சுளித்துக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறோம்!

நம் முன்னோர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். 1926 இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் 1970களின் தொடக்கம் வரை சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆட்களை ஏற்றி வந்தது. பிறகு வந்த சிதம்பரம் கப்பலும் 1985 இல் தீ விபத்துக்குள்ளாகி நின்றது. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் கீழக்கரை, பனைக்குளம், நாகூரிலிருந்தும் வந்த நம் வாப்பாமார்களும் பாட்டன்மார்களும் கடையின் மேல்மாடியிலேயே பாய் விரித்துப் படுத்தார்கள். பிள்ளையின் பிறப்பும் பல் முளைத்ததும் கடிதத்தில்தான் அவர்களுக்கு வந்து சேர்ந்தன. குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட அவர்களுக்கு மனமில்லாமல் அல்ல. நடுவில் கடல் இருந்தது.

நமக்கு அந்தக் கடல் இல்லை. நம்மில் பெரும்பாலோரின் மனைவி மக்கள் கடைக்கு அரைமணி தூரத்தில் இருக்கிறார்கள். ஆனால் காலையில் பிள்ளைகள் எழுமுன் புறப்பட்டு, இரவு அவர்கள் தூங்கியபின் திரும்புகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? வீட்டில் இருக்கும் நேரத்திலும் கையில் தொலைபேசியை வைத்துக்கொண்டு சரக்கு விலை பேசுகிறவர்கள் எத்தனை பேர்? பாட்டனுக்கும் பிள்ளைக்கும் நடுவே கப்பல் ஓடுகிற கடல் இருந்தது. நமக்கும் பிள்ளைக்கும் நடுவே நாமே ஒரு கடலை வெட்டிக்கொள்ளலாமா?

அக்ரஃ இப்னு ஹாபிஸ் என்பவர், நாயகம் (ஸல்) அவர்கள் தம் பேரர் ஹஸன் (ரலி) அவர்களை முத்தமிடக் கண்டு, தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்றார். இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்பதே அவருக்குக் கிடைத்த பதில். நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியிருக்கிறார்கள். பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடி தொழுகை நடத்தியிருக்கிறார்கள். வீட்டு வேலையில் கை கொடுத்திருக்கிறார்கள். உம்மத்து முழுவதின் பொறுப்பையும் சுமந்தவர்களுக்கு இதற்கெல்லாம் நேரம் இருந்தது. ஒரு மளிகைக் கடையைச் சுமக்கிற நமக்கு நேரமில்லை என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

இன்னொன்றும் சொல்லாமல் விட முடியவில்லை. நம் பாட்டன்மார் பட்ட பிரிவு இன்னும் முடிந்துவிடவில்லை. அது நம் கடைகளிலேயே நடமாடுகிறது. கிடங்கில் மூட்டை அடுக்குகிறவர், அடுப்படியில் நிற்கிறவர், தேத்தண்ணி ஆற்றுகிறவர், இவர்களில் பலருக்கு மனைவி மக்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நாற்பது வயது வருகிறது. அன்றைக்கு அவர்களுக்கு நெய்ச்சோறு ஆக்குகிறவர் யார்? நம் கைக்குக் கீழே உள்ளவர்கள் நம் சகோதரர்கள், நாம் உண்பதை அவர்களுக்கும் ஊட்ட வேண்டும் என்பது ஸஹீஹ் புகாரியில் வரும் போதனையின் சாரம். முதலாளி வீட்டு விருந்துக்கு இலை போடவும் பாத்திரம் கழுவவும் மட்டும் அவர்களைக் கூப்பிட்டுவிட்டு, அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னால் அந்த நன்றி பூரணமாகுமா? அவர்களும் அதே விரிப்பில் உட்கார வேண்டும். வாரத்தில் ஒரு மாலை நிம்மதியாகப் பிள்ளைகளோடு பேச நேரம் கொடுக்க வேண்டும். ஊருக்குப் போக வேண்டிய லீவைத் தள்ளிப் போடாமல் தர வேண்டும். மண்டபத்துக்குப் போகும் பணத்தில் ஒருவருக்கு ஊர் போய்வர டிக்கெட் எடுத்துக் கொடுத்தால், அங்கே ஒரு வீட்டில் பெருநாள் வருமே!

அப்படியானால் அந்த நாளை எப்படிக் கழிப்பது? திங்கட்கிழமை நோன்பைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, அது தாம் பிறந்த நாள் என்பதையும் வஹீ இறங்கிய நாள் என்பதையும் நாயகம் (ஸல்) அவர்கள் காரணமாகச் சொன்னார்கள். முடிந்தவர்கள் ஒரு திங்கட்கிழமை ஷுக்ரு நிய்யத்தோடு அந்த சுன்னத்து நோன்பைப் பிடித்து, மஃரிபுக்குக் குடும்பத்தோடு உட்கார்ந்து திறக்கலாம். வீட்டில் ஆக்கிய சோற்றில் ஒரு பங்கை அண்டை வீட்டுக்கு அனுப்பலாம். மேற்படி ஆயத்தைப் பிள்ளைகளில் ஒருவரை ஓதச் சொல்லிப் பொருளை எல்லோரும் கேட்கலாம். கடன் கொடுத்தது, வாங்கியது, அமானிதமாக இருப்பது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மனைவிக்கும் மூத்த பிள்ளைக்கும் காட்டலாம். குர்ஆனிலேயே நீளமான ஆயத்து கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான் என்பதை வியாபாரிகளாகிய நாம் மறக்கலாகாது. இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. ஒரு மாலை நேரம் கடையைச் சாத்த வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு மாலையில் போகிற விற்பனையை ரிஸ்க்கு அளிப்பவன் அறிவான்.

நாற்பதில் நாயகம் (ஸல்) அவர்களுக்கு நபிப்பட்டம் அருளப்பட்டது. அறுபது வயது வரை ஆயுள் கொடுக்கப்பட்டவருக்கு அல்லாஹ்விடம் சொல்ல சாக்கு இல்லை என்பது ஸஹீஹ் புகாரியில் உள்ள எச்சரிக்கையின் கருத்து. நடுவில் இருப்பது இருபதே வருஷம், அதுவும் கிடைத்தால்! கடன் புத்தகத்தில் பாதிப் பக்கம் முடிந்த நிலை இது. மிச்சப் பக்கங்களில் கடைக் கணக்கோடு வீட்டுக் கணக்கையும் நாள் தவறாமல் எழுதுவோமாக.

யா அல்லாஹ்! எங்களுக்கும் எங்கள் பெற்றோருக்கும் நீ அருளிய நிஃமத்துகளைக் கண்டு நன்றி செய்யும் கண்ணைத் தருவாயாக! எங்கள் மக்களை ஸாலிஹானவர்களாக ஆக்குவாயாக! எங்கள் கடைகளிலும் வீடுகளிலும் பரக்கத்துச் செய்வாயாக! எங்களிடம் உழைப்பவர்களையும் ஊரில் அவர்களை எதிர்பார்த்திருக்கும் குடும்பங்களையும் சுகத்தோடு சேர்த்து வைப்பாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.