கூழ் கேட்ட அன்னை

ஆடி மாதம் பிறந்துவிட்டால் சேலம் மாநகரமே வேப்பிலை வாசத்தில் மிதக்கும். இங்குள்ள மாரியம்மன்களுக்கெல்லாம் தலைவியாகப் போற்றப்படும் கோட்டை மாரியம்மனின் விழா தொடங்கியதுமே, ஒவ்வொரு பேட்டையும் விழாக்கோலம் பூண்டுவிடும். அதிலும் தறிச் சத்தம் கேட்கும் அம்மாபேட்டையில், செங்குந்தர் மாரியம்மன் கோயில் வண்டி வேடிக்கை என்றால் கேட்கவே வேண்டாம். தெய்வங்களின் வேடம் புனைந்த பக்தர்கள் அலங்கார வண்டிகளில் பவனி வர, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பெற்றோர் வீதியோரம் காத்து நிற்பார்கள்.

வேடிக்கை பார்த்துவிட்டு வீடு திரும்புகிறோம். அந்த அன்னை நம் வீட்டுக்கென்று சொல்லும் சேதி ஒன்று உண்டு. அது கூழ்ப் பானைக்குள் இருக்கிறது, சகோதரிகளே!

பசியோடு வந்த தாய்

ஆடியில் கூழ் வார்ப்பதற்குப் பெரியவர்கள் ஒரு கதை சொல்வார்கள். ஜமதக்னி முனிவர் கொல்லப்பட்டதும், துயரம் தாளாமல் தீயில் பாய்ந்தாள் ரேணுகாதேவி. அப்போது பெருமழை பெய்து தீயை அணைத்தது. உடம்பெல்லாம் கொப்புளங்களோடு, வேப்பிலையையே ஆடையாக உடுத்திக்கொண்டு ஊருக்குள் வந்தாள். பசி! ஊர் மக்களிடம் உணவு கேட்டாள். அவர்கள் கொடுத்தது பச்சரிசி, வெல்லம், இளநீர். அதை உண்டு மனம் குளிர்ந்தவளே மாரியம்மனாக நின்று அருள்பாலிக்கிறாள் என்பது ஐதீகம். ஆடியில் கூழ் ஊற்றுவது அதன் நினைவாகத்தான்.

கவனித்தீர்களா? தெய்வமான தாய் அறுசுவை விருந்து கேட்கவில்லை. அந்த ஊர் மண்ணில் விளைந்ததை, அந்த ஊர்க்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுப்பதையே கேட்டு வாங்கி உண்டாள்.

நைவேத்தியம் என்னும் அளவுகோல்

அம்மனுக்குப் படைக்கும்போது எவ்வளவு பக்குவம் பார்க்கிறோம்! குளித்துவிட்டு அடுப்பு மூட்டுகிறோம். மீந்துபோனதைத் தொடமாட்டோம். நல்ல வெல்லமா, கலப்படமில்லாத நெய்யா என்று கடையில் இரண்டு முறை கேட்கிறோம். கடையில் வாங்கிய பாக்கெட்டைப் பிரித்து அப்படியே அவள் முன் கொட்ட நமக்கு மனம் வராது.

அதே கையால் பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்கு என்ன கொடுக்கிறோம்? குழந்தையும் தெய்வமும் ஒன்று என்று சொல்கிற நாம், குழந்தையின் தட்டுக்கும் அதே அளவுகோலை வைத்துப் பார்க்கலாமே! 'இதை அம்மனுக்குப் படைப்பேனா?' என்று ஒரு கணம் கேட்டுக்கொண்டால் போதும். திருவிழாவுக்குப் போய்விட்டு வரும் வழியில் தட்டுவடை செட் கேட்டால் வாங்கிக் கொடுங்கள். திருவிழா தினமும் வருவதில்லை. தினமும் மாலையில் பிரியும் பாக்கெட்டைப் பற்றித்தான் இந்தக் கவலை.

காரணம் இருக்கிறது. 2019-21ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. வயிறு நிறைந்தும் சத்துச் சேராத பிள்ளைகளும் இதில் உண்டு.

பானைக்குள் இருக்கும் வரம்

ஆடிக் கூழின் அருமையைப் பாருங்கள். 100 கிராம் ராகியில் சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய 340 மில்லிகிராம். பட்டை தீட்டிய அரிசியிலோ 10 மில்லிகிராம் அளவுதான். கம்பில் இரும்புச் சத்து அரிசியைவிடப் பல மடங்கு. நம் மாவட்டத்துக்குப் பெயர் வாங்கித் தந்த ஜவ்வரிசிகூட பெரும்பாலும் மாவுச்சத்துதான். பாயசத்துக்குச் சரி, பிள்ளையின் அன்றாட உணவாக அது போதாது. சிறுதானியங்களின் பெருமையை உணர்த்தவே ஐ.நா. சபை 2023-ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நம் அம்மன் கோயில்களில் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே ஆண்டுதோறும் அந்த அறிவிப்பு நடக்கிறது!

கூழ் காய்ச்சும் முறையிலும் சூட்சுமம் உண்டு. ராகி மாவை முதல் நாள் இரவே கரைத்துப் புளிக்க வைக்கிறோம். மறுநாள் நொய்யரிசி வெந்ததும் மாவை ஊற்றி, கட்டி தட்டாமல் துழாவி இறக்குகிறோம். ஆறியதும் மோர், உப்பு, சின்ன வெங்காயம். தானியத்தைப் புளிக்க வைக்கும்போதும் முளைகட்டும்போதும், இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும் பொருள் குறைகிறது. அம்மனுக்கு முளைப்பாரி எடுக்கும் நாம், அடுப்படியிலும் ஒரு பிடி ராகியை முளைகட்டலாம் அல்லவா? கூடவே ஒரு துண்டு மாங்காயோ நெல்லிக்காயோ வைத்துக்கொண்டால், இரும்புச் சத்து இன்னும் நன்றாகச் சேரும்.

கைக்குழந்தை உள்ள வீட்டில்...

ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் ஒன்றே போதும். கோயிலில் சோறூட்டுவதையும் ஆறு மாதம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் ராகியை ஊறவைத்து, முளைகட்டி, நிழலில் உலர்த்தி, அரைத்துச் சலித்த மாவில் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கலாம். ஒரு வயது வரை சர்க்கரை, உப்பு சேர்க்க வேண்டாம்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். பிறந்த குழந்தைக்குத் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ சேனை தொட்டு வைக்கும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆபத்தாக முடியலாம் என்கிறது மருத்துவம். பெரியவர்கள் அம்மனின் குங்குமத்தை நெற்றியில் இட்டு வாழ்த்தட்டும். அதைவிடப் பெரிய ஆசி ஏது?

பிள்ளை எப்போதும் சோர்ந்திருந்தாலோ, கீழ் இமையின் உட்புறம் வெளுத்திருந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். கூழ் நல்ல உணவு. மருந்து தேவைப்படும் இடத்தில் மருந்துதான் வேண்டும்.

பானையருகே நிற்பவள்

கடைசியாக, உங்களைப் பற்றி. அதே ஆய்வில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. கணவருக்குப் போட்டு, பிள்ளைக்கு ஊட்டி, அடியில் ஒட்டியதை வழித்துத் தின்றுவிட்டு, அதன் மேல் ஒரு டம்ளர் டீ. சாப்பிட்ட உடனே குடிக்கும் டீ, சேர வேண்டிய இரும்புச் சத்தையும் தடுத்துவிடும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

கூழ் வார்க்கும் இடத்தில் பாருங்கள். சொம்போடு நிற்கும் வரிசையில் முதலாளி, தொழிலாளி என்ற பேதம் கிடையாது. பானையருகே நின்று துழாவியவளும் தன் பங்கைக் குடித்துவிட்டுத்தான் போவாள். அந்த ஒழுங்கு நம் வீட்டுக்கும் வரட்டும். வாரம் இரண்டு நாள் கூழோ களியோ செய்யுங்கள். மாவு கரைக்க வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள், வெங்காயம் உரிக்கப் பிள்ளையைக் கூப்பிடுங்கள். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

பசித்து வந்த ஒரு தாய்க்கு ஊரே உணவு கொடுத்தது. அவளை நாம் அம்மன் என்று கும்பிடுகிறோம். உங்கள் வீட்டிலும் ஒரு தாய் பசியோடு இருக்கிறாள். இந்த ஆடியில் அவளுக்கும் ஒரு சொம்பு கூழ் ஊற்றுங்கள். அன்னை மாரியம்மன் மனம் குளிர்வாள். உங்கள் குலம் தழைக்க அருள்வாள்!