முகம் காட்டுதல் கடமையா?

வீட்டிலிருந்தே அலுவல் புரிவோர் இன்று நம் குடும்பங்களில் பலர். காலையில் கணினியின் முன் அமர்ந்த மகனோ மருமகளோ மாலையில் எழும்போது, நாள் முழுதும் சுமை தூக்கியவரைப் போலச் சோர்ந்து காணப்படுகின்றனர். "நாற்காலியை விட்டு எழவே இல்லையே, பேசிக்கொண்டுதானே இருந்தாய், இதில் என்ன களைப்பு?" என்று பெரியோர் வினவுகின்றனர். விடை அவ்வினாவிலேயே அடங்கியிருக்கின்றது. எழாமல் இருந்ததும், ஓயாமல் பேசியதும், பேசும்போதெல்லாம் பிறர் பார்வையில் இருந்ததுமே அக்களைப்பு.

கொள்ளைநோயால் அலுவலகங்கள் மூடப்பட்ட 2020ஆம் ஆண்டில் காணொலி அழைப்பு பேருதவியாக அமைந்தது. சூம் என்னும் ஒரு செயலியில் மட்டும், 2019 டிசம்பரில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கோடியாக இருந்த பங்கேற்புகள் 2020 ஏப்ரலில் 30 கோடியாயின. நோய் தணிந்த பின்னும் பழக்கம் நிலைத்துவிட்டது. பயனுள்ள பொருளும் அளவு கடந்தால் துன்பமாவது இயல்பு. ஆனால் இத்துன்பத்தை நாமே நமக்குச் செய்துகொள்வது குறைவு. ஒருவர் மற்றவர்க்குச் செய்வதே மிகுதி. ஆதலின் இஃது உடல்நலம் பற்றிய செய்தி மட்டுமன்று. அறம் பற்றிய வினாவும் ஆகும்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021இல் எழுதிய கட்டுரையொன்றில் இக்களைப்பிற்கு நான்கு காரணங்களைக் கூறினார். அவற்றை மனம், மொழி, மெய் என்னும் மூன்றன்கண் அடக்கிக் காணலாம்.

ஓர் அறையில் பத்துப் பேர் கூடினால், சிலர் பேசுபவரை நோக்குவர். சிலர் ஏட்டையும் சிலர் சாளரத்தையும் நோக்குவர். திரையிலோ எல்லா முகங்களும் எல்லாரையும் எப்போதும் நோக்குவது போல் தோன்றும். மிக நெருங்கிய உறவினர் மட்டுமே வரத்தக்க அண்மையில் அயலார் முகம் பெரிதாக நிற்கும். போதாததற்குத் தன் முகமும் ஒரு மூலையில் தெரியும். தன்னையே நாளெல்லாம் பார்த்திருப்பவன் தன் குறைகளையே எண்ணுவான். இவை இரண்டும் மனத்தின் சுமை. நேரில் இயல்பாக விளங்கும் குறிப்புகளைத் திரையில் வலிந்து காட்ட வேண்டும்; மிகையாகத் தலையசைக்க வேண்டும்; குரலை உயர்த்த வேண்டும். இது மொழியின் சுமை. கேமராவின் சட்டத்திற்குள் அசையாதிருத்தல் மெய்யின் சுமை.

இச்சுமை எல்லார்க்கும் சமமாக அமைவதில்லை. அமெரிக்க ஆய்வாளர்கள் 103 ஊழியர்களை நான்கு வாரங்கள் ஆராய்ந்து 2021இல் முடிவுகளை வெளியிட்டனர். கேமராவைத் திறந்து வைத்த நாள்களில் களைப்பு மிகுந்திருந்தது. பெண்டிரையும் பணிக்குப் புதியவர்களையும் அது மேலும் வருத்திற்று. களைத்தவர்கள் கூட்டங்களில் தம் கருத்தை உரைப்பதும் குறைந்தது. ஈடுபாட்டை வளர்ப்பதற்கென்று வற்புறுத்தப்படும் ஒன்று அவ்வீடுபாட்டையே குறைக்கின்றது என்பதை மேலாளர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

"முகத்தை மறைத்துக்கொள்வது அவமதிப்பன்றோ? இருண்ட கட்டங்களை நோக்கிப் பேசுபவர் வருந்தமாட்டாரோ?" என்று ஒருவர் கேட்கலாம். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. மாணவர் முகம் காணாது பாடம் நடத்திய ஆசிரியர்கள் அத்துன்பத்தை நன்கு அறிவர். முதன்முறை அறிமுகமாகும்போதும், துயருற்றவர்க்கு ஆறுதல் கூறும்போதும் முகம் காட்டுதலே பண்பு. அதனை யாரும் மறுப்பதற்கில்லை.

எனினும் கவனம் வேறு, கவனத்தின் தோற்றம் வேறு. பேசுபவர்க்கு நாம் கடன்பட்டிருப்பது முன்னதற்கே. திரையை நோக்கிப் புன்னகைத்துக்கொண்டே மின்னஞ்சல் படிப்பவர் முகத்தைத் தந்தார், மனத்தைத் தரவில்லை. கேமராவை மூடி, கண்ணயராது கேட்டு, குறிப்பெடுத்து, தக்க விடை கூறியவர் தம் கடமையை முழுதும் செய்தவராவார். தோற்றத்தை மட்டும் வற்புறுத்தும் இடத்தில் மனிதர் நடிக்கக் கற்றுக்கொள்வர். நாமே பிறரைப் பொய்மைக்குப் பழக்குவது நன்றாகுமா?

இவ்வற்புறுத்தல் நெதர்லாந்தில் நீதிமன்றம் வரை சென்றது. நாள் முழுதும் கேமராவைத் திறந்து வைக்க மறுத்த ஊழியர் ஒருவரை அமெரிக்க நிறுவனம் ஒன்று பணி நீக்கியது. அந்நீக்கம் செல்லாது என்றும், அத்தகைய கண்காணிப்பு ஒருவரின் தனிவாழ்வில் தலையிடுவதாகும் என்றும் 2022இல் அந்நாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டில் அமர்ந்து பணி செய்வதனால் வீடு அலுவலகத்திற்கு உடைமையாகிவிடுவதில்லை.

ஆகவே, கூட்டம் கூட்டுபவர்க்குச் சில கடமைகள் உள. கடிதத்தால் முடியும் செய்திக்குக் கூட்டம் வேண்டா. குரலால் முடிவதற்குக் காட்சி வேண்டா. ஒரு கூட்டத்திற்கும் அடுத்ததற்கும் இடையே பத்து நிமிடமேனும் விடுதல் வேண்டும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2021இல் 14 பேரிடம் மூளை அலைகளை அளந்தபோது, இடைவிடாக் கூட்டங்களில் மன அழுத்தம் ஏறிக்கொண்டே சென்றதும், பத்து நிமிட ஓய்வில் தியானித்தவர்களிடம் அவ்வாறு ஏறாததும் தெரியவந்தன.

பங்கேற்பவர்க்கும் கடமை உண்டு. தம் முகம் தமக்குத் தோன்றாதபடி அதனைத் திரையில் மறைத்துக்கொள்ளலாம். பிறர் முகங்களைச் சிறிதாக்கலாம். குரல் அழைப்பின்போது எழுந்து நடக்கலாம். கேமராவை மூடுவதாயின் முன்னரே சொல்லிவிடுதல் நன்று. மூடிய திரைக்குப் பின் உறங்குவதற்கும் வேறு பணி செய்வதற்கும் அவ்வுரிமையைப் பயன்படுத்துதல், அதனை உண்மையாக வேண்டுவோர்க்கும் கேடு செய்வதாகும்.

இல்லத்தார்க்கும் ஒன்று கூறலாம். மாலையில் திரையை மூடி வருபவரிடம் உடனே கேள்விகளைத் தொடுக்க வேண்டா. நாளெல்லாம் பார்க்கப்பட்டும் பேசியும் வந்தவர் அவர். சிறிது நேரம் பேச்சின்றி அருகில் அமர்ந்திருத்தலும் அன்பே. பிறர்க்கு இன்னா செய்யாமை என்னும் அறம் கையோடும் சொல்லோடும் நிற்பதன்று. பிறரை எவ்வளவு நேரம் நம் பார்வையில் நிறுத்துகின்றோம் என்பதிலும் அது சேரும் என உணர்ந்து ஒழுகுவோமாக.