சொல்லாத பழுது

பழைய காரை விற்பவர், தமக்குத் தெரிந்த பழுதை வாங்குபவர் கேட்காமலே சொல்லக் கடமைப்பட்டவரா? கேள்வி காரைவிட மிகப் பழையது. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் ஸ்டோயிக் தத்துவ ஆசிரியர் பாபிலோனிய டயோஜெனிஸும் அவருடைய மாணவர் ஆன்டிபேட்டரும் இதில் மாறுபட்டதை ரோமானிய அறிஞர் சிசரோ பதிவு செய்திருக்கிறார். பழுதான வீட்டை விற்பவர் பொய் சொல்லாதவரை குற்றமில்லை என்றார் ஆசிரியர். தெரிந்தே பிறரை ஏமாற விடுவது, வழிதவறியவனுக்கு வழிகாட்ட மறுப்பதைவிடக் கொடியது என்றார் மாணவர்.

இந்தியச் சட்டம் பெரும்பாலும் ஆசிரியர் பக்கம் நிற்கிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், சில விலக்குகள் நீங்கலாக, தரம் பார்த்து வாங்கும் பொறுப்பை வாங்குபவர் மேல் வைக்கிறது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி வெறும் மௌனம் பொதுவாக மோசடி ஆகாது. ஆனால் கிலோமீட்டரைக் குறைத்து வைப்பதும், வெள்ளத்தில் மூழ்கிய காருக்குச் சீட் கவர் மாற்றிச் சேற்றுத் தடத்தை மறைப்பதும் மௌனமல்ல, அவை மோசடியே. எதையும் மறைக்காமலும், எதையும் சொல்லாமலும் விற்பவரிடம்தான் சிக்கல்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் வேரூன்றிய சமய மரபுகள் மாணவர் பக்கம் நிற்கின்றன. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டக் குகையின் கற்படுக்கைகளில் தவமிருந்த சமணரின் நெறியில், இல்லறத்தாரின் கள்ளாமை விரதம் திருடாமல் இருப்பதோடு முடிவதில்லை. கள்ள எடையும், போலிச் சரக்கை நல்லதென்று தள்ளிவிடுவதும் அவ்விரதத்துக்குப் பங்கம். கோட்டைப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களின் முஸ்லிம்கள் போற்றும் நபிமொழி இன்னும் நேரடியானது: தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கேட்டார். மறைந்திருந்த குறை பின்னர் தெரிந்தால் பொருளைத் திருப்பித் தரும் உரிமையும் இஸ்லாமிய வணிகச் சட்டத்தில் உண்டு.

நியாயம் இந்தப் பக்கமே. மெக்கானிக்கை அழைத்துப் போய்ப் பார்ப்பது வாங்குபவரின் கடமைதான். ஆனால் நெடுந்தூரம் ஓடினால் மட்டும் சூடேறி நின்றுவிடும் இன்ஜின், அரை மணி நேர ஓட்டத்தில் அகப்படாது. அது வண்டியோடு பழகியவருக்கு மட்டுமே தெரியும். அதைச் சொல்லாமல் பெற்ற விலை, வாங்கியவர் மனமறிந்து கொடுத்த விலை ஆகாது.

பொறுப்பு எப்போது கைமாறுகிறது என்பது அடுத்த கேள்வி. சாவியைக் கொடுத்ததும் முடிந்தது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையை விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட 29, 30ஆம் படிவங்களைப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டுப் பெயர் மாற்றத்தை மறந்தவர், ஆர்சி புத்தகத்தில் உரிமையாளராகவே நீடிக்கிறார். கார் பல கை மாறியிருந்த ஒரு விபத்து வழக்கில், 2018இல் உச்ச நீதிமன்றம் பதிவிலிருந்த உரிமையாளரையே இழப்பீட்டுக்குப் பொறுப்பாக்கியது. விற்றவருக்கு இது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் அடிபட்டுக் கிடப்பவர், கார் யார் யார் கைக்குப் போனதென்று தேடி அலைய வேண்டியதில்லை என்பதே நீதிமன்றம் சொன்ன காரணம்.